சுமையேற்றிய வண்டியும் புதிய ஓட்டுநரும்

பிழைப்புத் தேடி டில்லிக்கு வரும் நம் இளைஞர் சிலர், வீடுதோறும் பொருள் சேர்ப்பிக்கும் சிறு சரக்கு வண்டிகளில் ஓட்டுநராக அமர்கின்றனர். கரோல்பாக்கில் நம் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவருக்கும் அவ்வேலை கிடைத்தது. பயிற்சி எத்தனை நாள் என்று வினவினோம்.

"ஒரு நாள் பழைய ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சார். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்."

அந்த ஒரு நாளிலும் கைபேசியில் முகவரி பார்ப்பதும் கையொப்பம் வாங்குவதுமே கற்பிக்கப்பட்டனவாம். மூன்றாம் நாள் ஒரு சந்தில் பின்னுக்கு எடுக்கையில் கைவண்டி ஒன்றை இடித்தார். சேதத்தொகை அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

சட்டப்படி அவரிடம் குறையில்லை. இலகு ரக மோட்டார் வாகன உரிமம் பெற்றவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வாகனத்தையும் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஓட்டிப் பிழைப்போர்க்கு இது நன்மையே. ஆயினும், அவ்வுரிமத்திற்கான தேர்வு பெரும்பாலும் காலிக் காரில் நடைபெறுவது. சுமையேற்றிய வண்டியின் குணமோ வேறு.

பொதியை உயர அடுக்கினால் எடை மையம் மேலேறி, வளைவில் வண்டி சாயப் பார்க்கும். பின்னச்சுக்கும் அப்பால் பாரம் குவிந்தால் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங்கின் பிடி தளரும். வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் இருமடங்கன்று, நான்கு மடங்காகும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறி வலுவிழக்கும். கீழ் கியரில் இறங்குவதே முறை. அடைத்த பெட்டி வண்டியில் உட்புறக் கண்ணாடியால் பின்புறம் தெரியாது. இறங்கிப் பார்த்தபின் பின்னுக்கு எடுத்தல் வேண்டும். இவற்றை முகவரி பார்த்துக்கொண்டே கற்க இயலுமா?

2021 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் இலகு ரக வாகனத்திற்கே 29 மணி நேரப் பாடம் உண்டு. நம் தம்பிக்குக் கிடைத்தது ஒரு பகற்பொழுது.

புதிதாகச் சேரும் நேயர்கள், முழுச்சுமை ஏற்றிய வண்டியைப் பழகிய ஓட்டுநர் ஒருவர் அருகிலிருக்க ஓட்டிப் பார்க்கச் சில நாள் கேட்டுப் பெறுவது நலம். அந்நாட்களுக்கும் கூலி உண்டா என்று முன்கூட்டியே கேட்டல் வேண்டும். நம் தம்பி பின்னர் இரண்டு நாள் கேட்டு வாங்கினார். அவ்விரு நாட்களும் சம்பளமில்லா விடுப்பாகவே எழுதப்பட்டன.