நாற்பது டிகிரியில் மூடும் போல்ட்

மே மாத நடுப்பகலில் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து வரும் ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் எண்ணெய் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். இரவெல்லாம் நின்ற பிறகு அதே எண்ணெய் 30 டிகிரியில் இருக்கும். இந்த 60 டிகிரி வித்தியாசத்துக்கு எட்டு லிட்டர் எண்ணெய் சுமார் 350 மில்லி வீங்கிச் சுருங்குகிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றும் வேலையின் சூட்சுமமே இந்த 350 மில்லியில்தான் இருக்கிறது.

எஞ்சின் ஆயிலை அளக்க ஒரு கம்பி உண்டு. இன்றைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் அந்தக் கம்பி கிடையாது. இருப்பது ஒரு போல்ட்தான். வண்டியை லிஃப்டில் சமமாக ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, பிறகு போல்ட்டைக் கழற்ற வேண்டும். மிஞ்சிய எண்ணெய் வழிந்து, சன்னமாகச் சொட்டத் தொடங்கும்போது மூட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எண்ணெயின் வெப்பம் எத்தனை? சூடாக இருக்கும்போது மூடினால் வீங்கிய பங்கும் சேர்ந்து வெளியே போயிருக்கும். ஆறியதும் உள்ளே குறையும், பம்ப் காற்றை உறிஞ்சும். அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கும்போது மூடினால் உள்ளே கூடிவிடும், சுழலும் பற்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தத்தைத் தாங்காது. அழுத்தம் இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கி எரியும்.

மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து வரும் பல கார்களில் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் வடிவமைத்த எட்டு கியர் பெட்டி இருக்கிறது. அதன் எண்ணெய் மட்டத்தை 30 முதல் 50 டிகிரிக்குள் பார்க்கச் சொல்கிறது அந்த நிறுவனம். குளிர்நாட்டு மெக்கானிக் 30 வரட்டும் என்று காத்திருப்பார். தாம்பரத்துக் கோடையில் விடியற்காலையிலேயே எண்ணெய் 30-ஐ ஒட்டி நிற்கும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் மெக்கானிக்குக் கிடைப்பது சில நிமிட அவகாசம். அதற்குள் ஊற்றி, லீவரை ஓட்டி, சொட்டுப் பார்த்து மூட வேண்டும். ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே செய்யாமல், கியர்பாக்ஸின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான பேனைக் கையால் தொட்டுப் பார்த்து ‘சரியா இருக்கு சார்’ என்பவரை நான் நம்ப மாட்டேன். மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்கு வெப்பக் கணக்கு வேறு. முறை மட்டும் ஒன்றே.

இந்த எண்ணெய் செய்யும் வேலைகளைப் பார்த்தால் இத்தனை கெடுபிடி நியாயம்தான் என்று தோன்றும். கார் நகரத் தொடங்கும்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புப் பிணைப்பே இருப்பதில்லை. டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு சுழலி வீசும் எண்ணெய் எதிர்ச்சுழலியைத் தள்ளுகிறது. கப்பல்களுக்காக ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. அதே எண்ணெய்தான் வால்வுகளை நகர்த்தி கியரை மாற்றுகிறது, சூட்டைக் கூலருக்குச் சுமக்கிறது. எல்லாவற்றையும் விட விசித்திரம் ஒன்று உண்டு. பற்சக்கரங்களை அது வழுக்க வைக்க வேண்டும். கிளட்ச் தட்டுகளை உதறலில்லாமல் பிடிக்க வைக்க வேண்டும். இரண்டும் ஒரே திரவம்! தட்டுகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் நீண்ட மூலக்கூறுகள் இதைச் சாதிக்கின்றன. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த வேலைக்கு எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970-இல் அந்நாடு அந்தத் திமிங்கலத்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது; வேதியியலாளர்கள் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. இன்றைய மூலக்கூறுகளும் வெப்பத்தில் சிதைந்து தீர்ந்துபோகின்றன. மெதுவாகப் போகும்போது வண்டி நடுங்குவதற்கு அது ஒரு காரணம்.

ஆகவே ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று கார் நிறுவனங்கள் சொல்லும்போது யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப்., 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. எண்ணெயை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் பாதி எண்ணெய்தான் வரும், மீதி கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுவது நல்லது. பேனிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். சில்லு சில்லாக இரும்பு கிடந்தால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

எந்த எண்ணெய் என்பதிலும் கவனம் வேண்டும். 2014-இல் செலேரியோ காரோடு இங்கு பரவத் தொடங்கிய, தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி., உண்மையில் மேனுவல் பெட்டிதான். அதற்குக் கியர் ஆயில். சி.வி.டி. என்ற இன்னொரு வகைப் பெட்டியில் இரும்புப் பட்டை இரும்புச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெயான ஏ.டி.எஃப். ஊற்றினால் பட்டை வழுக்கிப் பெட்டியே போய்விடும்.

வெள்ளம் வந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது, அடையாறு புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. கியர்பாக்ஸுக்கு பிரீதர் என்ற மூச்சுத்துளை உண்டு. சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி அந்தத் துளை வழியே நீரை இழுக்கும். அப்புறம் சிவப்பு எண்ணெயானால் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறிவிடும். கிளட்ச் தட்டின் மேற்பரப்பு காகித இழையால் ஆனது. நீர் அதில் ஊறிப் பசையைப் பெயர்த்துவிடும். எனவே தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சக்கரம் உருளும்படி கட்டியும் இழுக்காதீர்கள். நாலு சக்கரமும் மேலே ஏறும் வண்டியில் ஷெட்டுக்கு அனுப்பி, முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து பில் வரும்போது, எத்தனை டிகிரியில் போல்ட்டை மூடினார் என்றும் கேளுங்கள்.