கொறங்காட்டு வழியே ஒரு நாள்

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதெல்லாம் மீசை முளைத்த பையன்களின் சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு வண்டியின் பின் ஸீட் என்றால் ரேஷன் கடை, டாக்டர் வீடு, கல்யாண மண்டபம், அவ்வளவுதான்! ஆனால் சகோதரிகளே, சென்னிமலையில் காலையில் கிளம்பி அரச்சலூர், பழையகோட்டை, காங்கயம், சிவன்மலை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம். நானும் என் வீட்டுக்காரரும் போனபோது மீட்டரில் 80 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பெட்ரோல் 2 லிட்டர்கூட ஆகவில்லை.

மழை முடிந்த கார்த்திகை, மார்கழியில் இதை வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் போனால் காய்ந்த காடும் புழுதியும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கட்டும்; ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உடை. சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். ஒருக்களித்து உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கமாகவே திருகிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரத்திலேயே முதுகு பிடித்துக்கொள்ளும். சட்டென்று பிரேக் போட்டால் விழுவதும் சுலபம். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! சேலைதான் வேண்டும் என்பவர்கள் முந்தானையை இழுத்துச் சொருகி, பின் சக்கரத்துக்கு ஸாரி கார்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறவும். துப்பட்டாவையும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட்டுக்குள் பூ நசுங்கிவிடும் என்று மல்லிகையைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போய், கோயிலில் இறங்கியதும் வைத்துக்கொண்டேன்.

புளிச்சோறு, தயிர்ச்சோறு, கடலைச் சட்னி கட்டிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம். தறிச் சத்தம் கேட்காத தெருவே எங்கள் ஊரில் குறைவு. கொடிகாத்த குமரன் 1904-ல் பிறந்ததும் இங்கேதான். ஊரைத் தாண்டியதும் காற்று ஜில்லென்று முகத்தில் அடிக்கிறது. அரச்சலூரில் நாகமலையை வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டோம். அதன் குகையில் தாள எழுத்துக்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுதியவன் தேவன் சாத்தன் என்னும் மணிய வண்ணக்கன். ரத்தினத்தின் தரம் பார்க்கிற ஆள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான பழைய தமிழ் எழுத்து அது.

அங்கிருந்து நத்தக்காடையூர் பக்கம் திரும்பினால் நாடே மாறிவிடுகிறது. இதுதான் கொறங்காடு. மழை வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் பெய்யும் பூமி. உழுது விதைப்பதைவிட மேய்ச்சலுக்கு விடுவதே லாபம் என்று நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி. போத்தை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். கம்பியும் வேண்டாம், கல்லுக்காலும் வேண்டாம். உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே ஊடே வெள்வேல மரம். புல் காய்ந்த மாதங்களில் அந்த மரத்தின் காய் ஆட்டுக்கு ஆகாரம். ஒரு கண்டம் மேய்ந்து முடிந்தால் அடுத்ததற்கு ஓட்டிவிடுவார்கள். மேய்ந்த இடம் மறுபடி தழைத்துக்கொள்ளும். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆளே வேண்டாம். மாட்டை விட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கலாம்! பெண்பிள்ளைகள் யாரோ சொல்லித்தான் இந்த ஏற்பாடே வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சினிமாவில் குதிரை மேல் ஆட்கள் மாடு ஓட்டிப் போவார்களே, அந்த அமெரிக்க நாட்டுக்கும் நம் கொழுக்கட்டைப் புல் போயிருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கென்று கொண்டுபோன புல், அரிசோனா பாலைவனத்தில் களையாகப் பரவிவிட்டது. காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் அங்கே வீட்டு உயரத்துக்கு வளரும் கள்ளிகளும் சேர்ந்து கருகுகின்றன. ஊர்க்காரர்கள் கூட்டம் சேர்ந்து கையால் பிடுங்குகிறார்களாம். இங்கே சோறு போடுவது அங்கே சத்துரு!

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். பழையகோட்டையில் அன்றுதான் காங்கயம் மாட்டுத்தாவணி கூடுகிறது. மயிலைப் பசுக்கள், செவலைக் கன்றுகள், கழுத்தும் திமிலும் கறுத்த பூச்சிக்காளைகள். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனால் வெளுக்கத் தொடங்கும். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-ல் தபால்தலையிலேகூட இந்த மாடு வந்தது. தபால்தலையில் வந்தால் போதுமா? கிணற்றில் கவலை இறைக்கக் காளை வேண்டும் என்ற காலம் மோட்டார் பம்பு வந்ததும் போயிற்று. உழவுக்கு டிராக்டர் வந்தது. பாலுக்கு ஜெர்சிக் கலப்பு வந்தது.

தாவணியைத் தாண்டி ஒரு படலருகே நிழலுக்கு நின்றோம். காட்டுக்காரப் பாட்டி ஒருவர் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏனுங் ஆத்தா, கறவை எத்தனை வருமுங்?" என்றேன்.

"கன்னு குடிச்சது போக, ரெண்டு வேளைக்கும் மூணு லிட்டர் வந்தா அதிகம் அம்மிணி."

"ஜெர்சி பத்து லிட்டர் கறக்குமே?"

"கறக்குமுங் கண்ணு. தவிடு, புண்ணாக்கு, பச்சப்புல்லு, தண்ணின்னு அதுக்கு நாம கறக்கோணும். மழை இல்லாத வருசம் மொதல்ல அதைத்தான் வித்தோம். இதுக காஞ்ச புல்லைத் தின்னு நின்னுச்சுங்க."

எட்டு ஏக்கரா கொறங்காடு, நாலு மாடு, இருபது உருப்படி ஆடு. மகன் காட்டை விற்றுவிட்டு டவுனில் வீடு கட்டலாம் என்கிறாராம். "நான் இருக்கற மட்டும் வேலி நிக்கும். அப்புறம் அவம்பாடு" என்று படலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். காங்கயம் போகும் வழியெல்லாம் அந்தப் பேச்சுத்தான் மனசில். வேலியைப் பிடுங்கிவிட்டு வீட்டுமனைக் கல் நட்ட காடுகளும் அந்த வழியில்தான் இருக்கின்றன. புல் ஒரு மழையில் வந்துவிடும். இத்தனை நீளக் கிளுவை வேலியை மறுபடி யார் நடுவார்கள்?

நம் சங்கடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வழியில் இடம் கிடைக்காதே என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறோம். வெயிலிலும் காற்றிலும் உடம்பு வற்றும். சிறுநீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து ஊர்வலத்தின் சந்தோஷமே போய்விடும். தண்ணீரை நிறுத்தாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்கும். பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் சாவி கேளுங்கள். காங்கயம் பஸ் ஸ்டாண்டு, கோயில் அடிவாரம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முக்கால் மணிக்கொரு தரம் இறங்கிக் காலை உதறி நடந்தால் முழங்காலும் பிடிக்காது.

காங்கயத்தில் தேங்காய்ப் பருப்புக் காய்கிற களங்களின் வாசனை தூக்குகிறது. சிவன்மலையில் முருகன் யாராவது பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொன்னால், சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். கும்பிட்டுவிட்டு, கட்டுச்சோற்றையும் அங்கேயே முடித்துக்கொண்டோம்.

திரும்புகிற வழியில் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற ஆறு. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் வந்து தேங்கி, சுற்று வட்டாரக் கிணறெல்லாம் உப்பாகிப் போனது. சாயத்தண்ணீரை வெளியே விடக்கூடாது என்ற விதிக்குக் கட்டுப்படாத பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். நல்ல காற்று, கொக்குகள், இறங்குகிற வெயில். கையில் டிபன் பாக்ஸ் இருந்தும் அதை அந்தத் தண்ணீரில் அலசப் பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துதான் கழுவினேன்.