நாட்டுக் கத்தரிக்கு விதை எங்கே?



பிளவக்கல் அணைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பி கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் தோட்டம் போடுகிறவர்கள் கேட்கிற கேள்வி இது: "சார், பழைய நாட்டுக் கத்தரி விதை எந்தக் கடையில கிடைக்கும்?" கடையைத் தேடுமுன் வேலூர் மாவட்டத்து இலவம்பாடியைக் கொஞ்சம் பார்ப்போம்.

அங்கே விளைவது முள்ளுக் கத்தரி. தண்டில் முள், இலையில் முள், காய்க் காம்பிலும் முள். பறிக்கிற பெண்களின் விரலைக் கேட்டால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்! இருந்தும் ஊர் அதை விடவில்லை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்க் காயை அந்தப் பெயரில் விற்றால் சட்டம் கேட்கும். ஆனால் குறியீடு பெயருக்குத்தான் காவல். விதை கலந்துபோவதை அது தடுக்காது.

எப்படிக் கலக்கும்? கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ஆனாலும் வண்டும் தேனீயும் அடுத்த வயல் மகரந்தத்தைக் கொண்டுவரும். இந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையைப் போட்டால்தான், போகப்போகச் செடிக்குச் செடி குணம் மாறி நிற்கும். ஆகவே விதைக்கு விடும் பாத்தி மற்ற கத்தரியிலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

நம்மவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிப்பதில்லை. நல்ல காயையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் நிற்கிற சொத்தையை விதைக்கு விடுவது! ஏக்கருக்கு 160 கிராம் விதை போதுமே. பூக்கும் முன்பே மாறுபட்ட செடிகளைப் பிடுங்கிவிட்டு, 20, 30 நல்ல செடிகளுக்கு நூல் கட்டி வையுங்கள். ஒரே செடியை நம்ப வேண்டாம். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுக்கவே வேண்டாம்.

காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கட்டும். பிறகு அறுத்து, தண்ணீரில் பிசைந்து, மிதக்கிற விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் நன்றாகக் காய வையுங்கள். விதைக்குமுன் 100 விதையை ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் 70 முளைத்தால் நல்ல விதை. குறைந்தால் நாற்றங்காலில் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.