கையில் பிடிக்கும் கிருமி லைட்டா, மேசைப் பெட்டியா? வாங்குமுன் யோசிப்போம்



2020 ஆம் ஆண்டு கொரோனா வந்த பிறகு, "கிருமி கொல்லும் லைட்" என்ற ஒரு சாமான் கடைகளிலும் போனில் வரும் விளம்பரங்களிலும் விற்பனையாகிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். வெளிநாடு போய் வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். "இதுல வச்சா போதுமாம், புள்ளையோட போத்தலை அவிக்கத் தேவையில்லையாமே, உண்மையா?" என்று தாய்மார்கள் எங்களிடம் கேட்கிறார்கள். இது காசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. கைக்குழந்தையின் வயிறும் கண்ணும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே இம்முறை இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

இந்தச் சாமானில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டோர்ச் லைட் மாதிரி அல்லது சிறு தடி மாதிரி கையில் பிடித்து, சாமானுக்கு மேலே ஆட்டிக் காட்டுவது. பையில் போட்டுக்கொண்டு போகலாம். மற்றது, மேசை மேல் வைக்கும் பெட்டி. உள்ளே சாமானை வைத்து, மூடியைப் பூட்டி, சில நிமிடம் விட்டு எடுக்க வேண்டும்.

இந்த லைட் எப்படி வேலை செய்கிறது?

இரண்டிலும் வேலை செய்வது புற ஊதாக் கதிர்தான். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை வெளிச்சம். அதன் அலை மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நனோமீற்றர். அந்தக் கணக்கில் 200 முதல் 280 வரை உள்ள கதிரே கிருமியை நன்றாகத் தாக்கும். பழைய மாதிரி பாதரச பல்புகள் 254 இல் வேலை செய்கின்றன. புதிய எல்.ஈ.டி. வகைகள் பெரும்பாலும் 260 முதல் 280 வரை. இந்தக் கதிர் கிருமியின் உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளைச் சிதைத்துவிடும். அதன்பின் கிருமி பெருக முடியாது. இதெல்லாம் உண்மை. ஆஸ்பத்திரிகளிலும், தண்ணீர் சுத்தப்படுத்தும் இடங்களிலும் இந்த முறை பல காலமாக இருக்கிறது.

ஆனால் கிருமி சாக ஒரு அளவு வேண்டும். கதிரின் பலமும் அது விழும் நேரமும் சேர்ந்ததுதான் அந்த அளவு. பலம் பாதியானால் நேரம் இரண்டு மடங்காக வேண்டும். லைட்டைத் தூரமாகப் பிடித்தால் பலம் குறைந்துவிடும். அதுபோல, கதிர் நேராகப் படும் இடத்தில் மட்டும்தான் வேலை நடக்கும். நிழல் விழும் இடத்தில் கிருமி அப்படியே இருக்கும். ஸ்டோரில் வாட்டப் போடும் கொழுந்தைக் கனமாகக் குவித்தால் மேலே உள்ளது வாடும், அடியில் உள்ளது பச்சையாகவே கிடக்கும் அல்லவா? அதே கதைதான்.

கையில் பிடிக்கும் லைட்

இதன் நன்மை: விலை குறைவு, இடம் பிடிக்காது, எங்கேயும் கொண்டு போகலாம்.

குறை என்ன? எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம், எத்தனை நேரம் பிடிக்கிறோம் என்பதெல்லாம் கையைப் பொறுத்தது. அவசரத்தில் ஒரு தடவை ஆட்டிவிட்டு வைத்தால், ஒரு இடத்தில் ஒரு செக்கன் கூட கதிர் விழுந்திருக்காது. பற்றரி இறங்க இறங்கப் பலமும் குறையலாம். ஆனால் ஊதா நிற வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும். நாம் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, கதிர் வெளியே திறந்து கிடப்பது. கிருமிக்குக் கெடுதலான கதிர் நமது கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்தான். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று வேர்க்‌ஷொப்பில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் போன பிறகு கண்ணில் மண் அள்ளிப் போட்டது மாதிரி உறுத்தும், சிவக்கும், தண்ணீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. இந்த லைட்டும் அதையே செய்யும். தோலில் பட்டால் வெயிலில் வெந்தது போல் சிவந்துவிடும்.

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கைத்தடி லைட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது. சில வகைகள் விடும் கதிர், சில செக்கனிலேயே கண்ணையும் தோலையும் காயப்படுத்தும் அளவுக்கு இருக்கிறது என்று சொன்னது. லயத்து காம்பராவில் சின்னப் பிள்ளைகள் கண்டதையும் எடுத்து விளையாடுவார்கள். டோர்ச் லைட் என்று நினைத்துத் தங்கச்சியின் முகத்தில் அடித்துப் பார்ப்பார்கள். நாங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

மேசைப் பெட்டி

பெட்டியில் கதிர் உள்ளேயே அடைபட்டு இருக்கிறது. தூரம் மாறாது, நேரத்தைப் பெட்டியே கணக்கெடுக்கும். நல்ல பெட்டியில் உட்சுவர் பளபளவென்று கண்ணாடி போல் இருக்கும். கதிர் பட்டுத் திரும்பி மறுபக்கமும் விழுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். மூடியைத் திறந்ததும் லைட் தானாக அணைந்துவிட வேண்டும். ஆகவே இரண்டில் எது மேல் என்று கேட்டால், பெட்டிதான் மேல். பாதுகாப்பிலும் மேல், வேலையிலும் மேல்.

ஆனால் பெட்டிக்கும் குறை உண்டு. விலை கூட. பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட் வேண்டும். உள்ளே நாலைந்து சாமானை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிழல் விழுந்த பக்கம் சுத்தமாகாது. பல்புக்கும் ஆயுள் உண்டு. காலம் போகப் போக அதன் பலம் குறையும். சில பிளாஸ்டிக் சாமான்கள் அடிக்கடி இந்தக் கதிர் பட்டால் மஞ்சளாகி வெடித்துப் போகும்.

இரண்டாலும் முடியாத காரியங்கள்

1. அழுக்கை எடுக்காது. பால் ஆடை, எண்ணெய்ப் பிசுக்கு, சேறு இருந்தால் கிருமி அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும்.

2. போத்தலின் உள்ளே நன்றாகப் போகாது. சாதாரண கண்ணாடியும் பல வகைப் பிளாஸ்டிக்கும் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். சூப்பியின் உள்மடிப்பில் கதிர் படவே படாது.

3. மருந்தை நீக்காது. தெளிப்பு வேலைக்குப் போன உடுப்பிலும் கையுறையிலும் இருப்பது கிருமி அல்ல, நஞ்சு. அதை வேறாக வைத்து, தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத்தான் துவைக்க வேண்டும்.

4. வயிற்றுப் பூச்சியின் முட்டைக்கு ஓடு மிகவும் கெட்டி. இந்தச் சின்ன லைட்டை நம்பிக் கை கழுவாமல் இருக்கக்கூடாது.

எந்தச் சாமானுக்கு என்ன வழி?

பிள்ளையின் சாமான்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் போத்தலே தேவையில்லை. அதற்குப் பிறகும் கோப்பையும் கரண்டியும் நல்லது. போத்தல் பாவித்தே ஆகவேண்டும் என்றால், கழற்றிக் கழுவி, முழுவதும் மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்த பிறகு 10 நிமிடம் அவித்து எடுங்கள். "நம்ம மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், சூடு பத்தாது" என்று சிலர் சொல்வது பாதி உண்மை. கடற்கரையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகள் சாக அந்தச் சூடு தாராளம். நன்றாகக் கொதிக்க விட்டால் சரி.

பல் பிரஷ்: பாவித்ததும் தண்ணீரில் அலசி, நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். டப்பாவில் மூடி வைக்காதீர்கள். ஈரத்தில்தான் கிருமி வளரும். ஒருவர் பிரஷை மற்றவர் பாவிக்கக்கூடாது. 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். லைட் வாங்கும் காசில் வீட்டில் எல்லோருக்கும் புது பிரஷ் வாங்கலாம்.

சீப்பு: பேன் தொல்லை என்றால், கை பொறுக்காத சூட்டில் உள்ள தண்ணீரில் 10 நிமிடம் ஊற வையுங்கள்.

துவாய், உடுப்பு: துவைத்து வெயிலில் போடுங்கள். 1877 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர், வெயில் பட்ட குழாய்களில் கிருமி வளரவில்லை என்று காட்டினார்கள். லைட்டில் உள்ள கதிர் வகையை ஆகாயத்தின் ஓசோன் மண்டலம் தடுத்துவிடுவதால், வெயில் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடும், சல்லிக் காசு செலவில்லை. பனியும் மழையுமான மாதங்களில் இஸ்தோப்பில் காற்றுப் படக் கொடி கட்டிக் காயப்போடுங்கள்.

போன், மூக்குக்கண்ணாடி: மூக்குக்கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். போனை அணைத்துவிட்டு, 70 வீத அற்ககோலில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் துடைக்கலாம். துவாரங்களில் ஈரம் போகக்கூடாது. தண்ணீர் படக்கூடாத சாமானுக்குத்தான் மேசைப் பெட்டியால் கொஞ்சம் பிரயோசனம் உண்டு. அதற்கும் முதலில் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஏற்கனவே வீட்டில் இருந்தால்

பிள்ளைகள் அனுப்பியதை வீசச் சொல்லவில்லை. கவனமாகப் பாவியுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

- பெட்டியில் நனோமீற்றர் எண்ணைப் பாருங்கள். 254 அல்லது 260 முதல் 280 வரை இருக்க வேண்டும். 395, 400 என்று இருந்தால் அது ஊதா நிற வெளிச்சம் மட்டும்தான். சில நிமிடத்தில் கிருமியைக் கொல்லும் என்று அதை நம்பாதீர்கள்.
- மூடியைத் திறந்தும் லைட் எரிந்தால் அந்தப் பெட்டியைப் பாவிக்க வேண்டாம்.
- கைத்தடி லைட்டை உடம்பில், கையில், சாப்பாட்டில் அடிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.
- சில பல்புகள் ஓசோன் வாயுவையும் உண்டாக்கும். ஒரு மாதிரி கார வாடை வந்தால், இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் காம்பராவில் பாவிக்க வேண்டாம்.
- பாதரச பல்பு உடைந்தால் எல்லோரும் வெளியே வந்து, கதவு ஜன்னலைத் திறந்து 15 நிமிடம் விடுங்கள். விளக்குமாறால் கூட்ட வேண்டாம். கையுறை போட்டு மட்டையால் அள்ளி, மூடியுள்ள போத்தலில் போடுங்கள்.
- கண் உறுத்தினால் கசக்காமல் உடனே தோட்ட டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

இன்னும் வாங்காதவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டியின் விலை உங்களுக்கு எத்தனை பேர்? அத்தனை நாள் மலை ஏறிய காசில் எத்தனை சவர்க்காரம், எத்தனை பிரஷ், தண்ணீர் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வாங்கலாம்? பீலித் தண்ணீரைக் கொதித்தாற வைத்துக் குடிக்கும் வீட்டில், கக்கூசுக்குப் போய் வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் வீட்டில், வயிற்றோட்டம் குறைவாகத்தான் இருக்கும். அந்த இரண்டும் இல்லாத வீட்டில் பெட்டி இருந்தும் பிரயோசனமில்லை.

தவணைக் காசுக்குச் சாமான் கொண்டுவருபவர்கள் லயத்துக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை எங்களிடமோ, குடும்ப நல உத்தியோகத்தர் அம்மாவிடமோ கேளுங்கள். சாமானைக் கையோடு கொண்டு வந்தால், அதில் எழுதியிருப்பதை உங்களோடு உட்கார்ந்து வாசித்துச் சொல்வோம்.