படலையைத் தட்டும் பொதுப்பணம்

மல்லாகத்துக்கு மேற்கே, செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்த அளவெட்டியின் பெயரைக் கேட்டதும் நம்மவர் பலருக்கும் மங்கல வாத்தியமே நினைவுக்கு வரும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர் அது; நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் தம் பெயரோடு சேர்த்துப் புகழ்பரப்பிய ஊர். ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தியை ஈழத்துக் கவிதைக்குத் தந்த ஊர். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இசையையோ கவிதையையோ அன்று. அவ்வூர்த் தோட்டங்களில் நாட்கூலிக்கு வெங்காயம் பிடுங்கும் ஏழைத் தாயின் அடுப்பைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

அத்தகைய தாய் ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். கணவனை நோய்க்குப் பறிகொடுத்தவள். மூத்தவள் பாடசாலை மாணவி; இளையவனுக்கு நான்கு வயது. மழை பெய்தால் தோட்டத்தில் வேலை இல்லை; வேலை இல்லையேல் கூலி இல்லை. அயல்வீட்டாருக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். இவளுக்கு அப்படி அனுப்ப ஒருவருமில்லை. வீதியால் போகிறவர் கண்ணுக்கு ஊர் செழிப்பாகவே தோன்றும். அச்செழிப்புக்கு நடுவே இவளுடைய வறுமை மறைந்து கிடக்கும்.

இவளுக்கு அரசாங்கம் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

அரசு நீட்டிய கை

ஏழையின் உணவுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது இலங்கைக்குப் புதிதன்று. உலக யுத்த காலத்தில், 1942இல், பங்கீட்டு அரிசி வந்தது. 1953இல் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியபோது, ஓகஸ்ட் 12ஆந் தேதி நாடு தழுவிய ஹர்த்தால் மூண்டது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஏழை வீட்டு உலைப்பானையைத் தொட்டால் ஆட்சிப்பீடமும் ஆடும் என்பதை அன்று ஆள்வோர் கண்டுகொண்டனர்.

பின்னர் 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று பெயர்கள் மாறி வந்தன. 2023 ஜூலையில் ‘அஸ்வெசும’ தொடங்கியது. குடும்பங்கள் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டு, மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை வங்கிக் கணக்குக்கே அனுப்பப்பட்டது. 2025 ஜனவரியில் வறியோருக்குரிய தொகை 10,000 ரூபாவாகவும், மிக வறியோருக்குரியது 17,500 ரூபாவாகவும் உயர்ந்தன. இடையில் நிற்பவர் எவரும் இன்றிப் பணம் தாயின் பெயருக்கே வருவது நல்ல ஏற்பாடே என்பதில் ஐயமில்லை.

படிவத்தின் கண்

ஆனால் அப்பணம் தானாக வருவதில்லை. கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு முதலிய 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வறுமை அளக்கப்படுகின்றது. முதற் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. அளவுகோலில் எல்லாம் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நாம் கருதிய தாய் வசிப்பது கல்வீடு. 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து ஓடி மீண்டபின், உதவித் திட்டமொன்றில் அவளுடைய பெற்றோர் கட்டியது அது. அன்று கிடைத்த உதவியே இன்று படிவத்தின் கண்ணுக்கு வசதியாகத் தோன்றக்கூடும். ‘வீடு கல்வீடுதான், உள்ளே அரிசி இல்லை’ என்று எழுத்தில் எடுத்துரைக்க அவளுக்கு ஒரு துணை வேண்டும். மேன்முறையீட்டை எழுதித் தர ஒருவர், கூலியை இழக்காமல் அலுவலகம் போய்வர ஒரு வழி, அவ்வேளையில் சிறுவனைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் ஆகிய இம்மூன்றும் இல்லையேல், கொழும்பில் ஒதுக்கிய பணம் அவள் படலையைத் தட்டாமலே திரும்பிவிடும்.

சிறு பணம், பெரும் பயன்

அத்துணையை அளிப்பவை ஊரிலுள்ள சிறு சேவைகளே. வீடு தேடிவந்து பிள்ளையின் நிறையைப் பார்க்கும் குடும்பநல மாது, அத்தகைய பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 1973 முதல் அரசு இலவசமாக வழங்கும் திரிபோஷா, பத்திரிகை வாசிக்கவும் கூடிப் பேசவும் இடந்தரும் சனசமூக நிலையம், காலை வேளையில் குழந்தைகளை ஏற்கும் முன்பள்ளி ஆகியவற்றையே நாம் குறிப்பிடுகின்றோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா விநியோகம் குழம்பியபோது, இத்தகைய சேவையின் அருமையைத் தாய்மார் நன்றாக உணர்ந்தனர்.

முன்பள்ளியை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி, ஐந்து வயதில் பாடசாலை வாசலில் தொடங்குகிறது. நான்கு வயதுச் சிறுவன் அவ்வாசலுக்கு வெளியே நிற்கின்றான். அவனை ஏற்கும் முன்பள்ளி பெரும்பாலும் ஊராரின் முயற்சியாலும் பெற்றோரின் கட்டணத்தாலுமே நடக்கின்றது. ஆசிரியைக்குக் கிடைப்பதோ சொற்ப உதவித்தொகை. அப்பள்ளி மூடப்பட்டால் தாய் தோட்டத்துக்குப் போக முடியாது. அவ்வாசிரியைக்கு அளிக்கும் சிறு தொகை ஒரு பிள்ளைக்குக் கல்வியும் ஒரு தாய்க்குக் கூலியும் ஆகின்றது.

‘கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறிகளாக்குகிறார்கள்’ என்பாரும் உளர். வெயிலில் குனிந்த முதுகு நிமிராது உழைக்கும் பெண்ணைப் பார்த்து அவ்வாறு சொல்ல நமக்கு நா எழவில்லை. அவள் கேட்பது உழைப்பதற்கு வேண்டிய வசதியையே.

யார் கேட்பது?

இச்சிறு சேவைகளுக்காகப் பேச வேண்டியவை மாகாண சபையும் பிரதேச சபையும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபின் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அளவெட்டி அடங்கிய வலிகாமம் வடக்குப் பிரதேச சபையும் ஏனைய சபைகளைப் போல 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆந் தேதித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இருந்தது. ஒழுங்கை விளக்கையும் முன்பள்ளிக் கூரையையும் பற்றிக் கேட்க ஊருக்கு உறுப்பினர் இல்லாத காலம் அது.

ஆயினும் கேட்கும் உரிமை வாக்குப்பெட்டியோடு முடிந்துவிடுவதன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தச் சேவைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று எந்தக் குடிமகனும் எழுத்தில் கேட்கலாம். உயர்வகுப்பு மாணவர்களே, இது உங்கள் பேனாவுக்கு ஏற்ற பணி. வாரத்தில் ஒரு மாலை சனசமூக நிலையத்தில் அமர்ந்து, எழுத அறியாதாருக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு உறவினரின் நன்கொடையை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தினரும், கோவிலுக்குக் கொடுப்பதோடு முன்பள்ளிக்கும் ஒரு பங்கு கொடுக்கும்படி அவர்களுக்கு எழுதுவார்களாக. ஆனால் ஊரார் கொடுக்கிறார்கள் என்று அரசு தன் கடமையைக் கைவிட இடங்கொடுத்தலும் ஆகாது.

பொதுப்பணம் என்பது எவரோ இரங்கிப் போடும் பிச்சையன்று. அத்தாய் வாங்கும் சீனிக்குச் செலுத்தும் வரியும் அதில் கலந்திருக்கின்றது. தன் பணம் தன் படலையைத் தட்டும் ஓசையை அவள் கேட்க வேண்டும். அதற்கு அயலவராகிய நாம் வழிகாட்டுவோமாக.