பிள்ளை பெற்றவளுக்கு என்ன மருந்து?

வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. பாட்டி சுக்கு இடிக்கிறாள். மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் எல்லாம் வறுத்துப் பொடிக்கிறாள். கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிளறுகிறாள். நெய்யும் நல்லெண்ணெயும் விடுகிறாள். தெரு முழுவதும் வாசனை! இதுதான் பிரசவ லேகியம்.

நம் நாட்டில் பல ஊர்களில் இப்படி மருந்து உண்டு. கேரளத்தில் சின்ன வெங்காயத்தில் லேகியம் கிண்டுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் மரக் கோந்தை நெய்யில் பொரித்து லட்டு பிடிக்கிறார்கள். பஞ்சாபில் கோதுமை மாவை நெய்யில் வறுத்துப் 'பஞ்சீரி' செய்கிறார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சுக்கு லட்டு. ஊர் வேறு, பெயர் வேறு. நோக்கம் ஒன்றுதான். தாய் தேற வேண்டும்.

மருந்தில் என்ன இருக்கிறது?

பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. நெய், வெல்லம், பருப்பு அதற்குத் தெம்பு தரும். சீரணத்துக்குச் சுக்கும் ஓமமும் சேர்க்கிறார்கள். பால் ஊறப் பூண்டும் வெந்தயமும் கொடுக்கிறார்கள். ஆனால் குழந்தை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் பால் நன்றாக ஊறும்.

லேகியம் நெல்லிக்காய் அளவு போதும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்திருந்தாலும் கேட்க வேண்டும்.

எதை விட வேண்டும்?

"தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும்" என்பார்கள். இது தவறு. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தாகம் எடுக்கும்போதெல்லாம் தாய் குடிக்க வேண்டும்.

பத்தியம் என்று வெறும் ரசச் சோறு போடக் கூடாது. பருப்பு, கீரை, முட்டை, மீன், பழம் எல்லாம் வேண்டும்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. குழந்தைக்கு நோயைத் தடுக்கும் சக்தி அதில் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம்.

லேகியம் சாப்பிட்டாலும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. தினம் ஒன்று, பிரசவத்துக்குப் பின் 180 நாள். டீயோடு மாத்திரை போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம்.

மருந்து கேட்காத நேரம்

ஐந்தாம் நாள் இரவு. ஒரு வீட்டில் மகள் சொன்னாள்: "அம்மா, துணி நனைஞ்சுகிட்டே இருக்கு. தலை சுத்துது."

"கெட்ட ரத்தம்டி. போகட்டும். கசாயம் வச்சுத் தர்றேன்" என்றாள் தாய்.

அண்ணி கற்போர் மையத்தில் எழுத்துக் கற்றவள். தாய் சேய் நல அட்டையை எடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அத்தை, ரத்தம் அதிகமாப் போனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு போட்டிருக்கு" என்றாள்.

அடுப்பில் வைத்த கசாயம் அப்படியே இருந்தது. 108-க்குப் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். மகள் பிழைத்தாள்.

பிரசவத்துக்குப் பின் சில வாரம் ரத்தம் போவது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுவதும் நனைந்தால் ஆபத்து. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. போவது உயிர் ரத்தம்.

இவையும் ஆபத்தின் அடையாளங்கள்:

• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கெட்ட வாடையோடு கசிவு
• கடுமையான வயிற்று வலி
• வலிப்பு, கடுமையான தலைவலி, கண் மங்கல்

வலிப்பு வந்தால் ஜன்னி என்று மந்திரிக்கப் போகக் கூடாது. இவற்றில் எது வந்தாலும் கசாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கிளம்ப வேண்டும். 2011 முதல் நாடு முழுவதும் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காசு கிடையாது.

அந்த மகள் வீடு திரும்பினாள். அம்மா மறுபடி லேகியம் கொடுத்தாள். கூடவே ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தாள். ராத்திரி சாப்பிட்டதும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

உங்கள் வீட்டில் தாய் சேய் நல அட்டை இருக்கிறதா? இன்றே எடுத்துப் படியுங்கள்.