கைகண்ட வேம்பு

வேம்பு என்னும் சொல்லோடு இலை என்னும் சொல் சேர்ந்தால் வேம்பிலை ஆவதில்லை, வேப்பிலை ஆகிறது. பூச் சேர்ந்தால் வேப்பம்பூ. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு ஆவதும் இம்முறையே. மென்தொடர்க் குற்றியலுகரம் வன்தொடராகத் திரியும் விதியைக் கற்கும் மாணவர்க்கு இனிப்பில் ஒன்றும் கசப்பில் ஒன்றுமாக இரு சான்றுகள் கிடைத்துவிடுகின்றன. இலக்கணத்தில் மட்டுமன்றி அரசியலிலும் இம்மரத்திற்கு இடமிருந்தது. சேரர்க்குப் பனம்பூவும் சோழர்க்கு ஆத்திப்பூவும் அடையாளமாயின. பாண்டியர் வேப்பம்பூவைச் சூடினர்.

அரசர் சூடியதைக் காட்டிலும் குடிகள் கையாண்டதே பெரிது. சித்திரையில் கொட்டும் பூவை உலர்த்தி ரசம் வைத்தனர். கொழுந்தை அரைத்து வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்தனர். உலர்ந்த இலையை நெற்குதிரிலும் புத்தகப் பெட்டியிலும் இட்டனர். எண்ணெயைப் புண்ணுக்குப் பூசினர். கால்நடையின் உண்ணிக்கும் தடவினர். எண்ணெய் ஆட்டியபின் எஞ்சிய புண்ணாக்கு வயலுக்குப் போயிற்று. குச்சியால் பல் துலக்கினர். ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும்: பல்லுக்கு உறுதி தருவனவாகப் பழமொழி கூறும் ஆலும் வேலும் என்பவற்றுள் வேல் என்பது கருவேலமரம், அதனை வேம்பெனக் கொண்டு மேடைகளில் பேசுவோர் இன்றும் உளர். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கமும் நாமறிந்ததே. அவ்விலை அம்மை நோயைத் தீர்ப்பதில்லை. ஆயினும் உள்ளே நோயாளி இருக்கிறார், அயலார் வரவேண்டா என்பதை எழுத்தறியாதாரும் உணரச் செய்தது.

நம் நாட்டு மரம் என்று நாம் பெருமை கொள்ளும் இதன் அறிவியற் பெயரில் முற்பாதி பாரசீகத்தினின்று வந்தது. 'ஆசாத்' என்றால் கட்டற்றது, உயர்ந்தது. 'திரக்த்' என்றால் மரம். இவ்விரண்டும் கூடி அசாடிராக்டா ஆயின. இந்தியாவிற்குரியது என்னும் பொருளில் இண்டிகா சேர்ந்தது. கிழக்காப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் இதன் பெயர் முவாரோபைனி. நாற்பதைக் குறிக்கும் அரபுச் சொல் அதனுள் அமைந்துள்ளது. நாற்பது நோய்க்கு மருந்து என்பது அங்குள்ளோர் தரும் விளக்கம். வறண்ட நிலத்திலும் நிழல் தருவது இம்மரம். அதனால் ஹாஜிகள் கூடும் அரஃபாத் வெளியில் ஏறத்தாழ 50,000 வேப்பமரங்கள் நடப்பட்டன.

கைகண்ட இப்பயன்களுக்கு காரணம் யாதென ஆராய்ந்தோருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சலீமுஸ்ஸமான் சித்தீகீ. தில்லியில் யுனானி மருத்துவப் பேரறிஞர் ஹகீம் அஜ்மல் கானின் ஊக்கத்தால் மூலிகை ஆய்வில் இறங்கியவர். தாம் பிரித்தெடுத்த ஒரு மருந்துப் பொருளுக்கு அஜ்மலின் என்றே பெயரிட்டவர். அவர் 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் மூன்று பொருள்களைப் பிரித்துக் காட்டினார். பெயரறியாத கசப்பு அன்று பெயர் பெற்றது.

பூச்சிகளைத் தடுக்கும் ஆற்றல் வெளிப்பட்ட கதை வேறு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கிப் பசுமையனைத்தையும் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். வேப்பங்கொட்டைப் பருப்பைக் கரைத்துத் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தீண்டுவதில்லை என்று தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1962இல் எழுதினர். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லே குழுவினர்க்கு 22 ஆண்டுகள் பிடித்தன; 2007இல்தான் அது கைகூடிற்று. நம் கொல்லை மரமோ அதனை ஆண்டுதோறும் ஆனி ஆடியில் ஆரவாரமின்றி உதிர்த்துவிடுகிறது!

அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லும் நஞ்சன்று. அதனை உண்ட புழு தின்பதை நிறுத்துகிறது. தோலுரிப்பதற்குரிய சுரப்பு குழம்புவதால் வளர்ச்சியடையாமல் மடிகிறது. தெளித்த மறுநாள் புழு உயிரோடிருப்பதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று உழவர் கருதுவது இதனாலேயே. பருப்பு 5 கிலோவை இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, பால்போல் வரும்வரை கலக்கி, துணியில் வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பது வேளாண் வல்லுநர் கூறும் முறை. கொட்டை மூன்று மாதத்திற்குக் குறையாமலும் எட்டு மாதத்திற்கு மேற்படாமலும் பழையதாயிருத்தல் நலம். வெயில் இதன் வீரியத்தைச் சிதைக்குமாதலால் மாலையில் தெளித்தல் வேண்டும்.

புண்ணாக்கின் பெருமையும் ஆய்வில் தெளிந்தது. யூரியாவின் தழைச்சத்து மண்ணில் விரைந்து மாறி வீணாவதை வேம்பு தாமதப்படுத்துகிறது. ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு புண்ணாக்கு கலந்து இடுமாறு வேளாண் துறையினர் பரிந்துரைத்தனர். 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாயிற்று.

இனி, உரிமைச் சிக்கல். வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சாள நோயைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. நம் முன்னோர் அறிந்ததற்கு அயலார் உரிமை கொண்டாடுவதா எனச் சினம் எழுந்தது. வந்தனா சிவா முதலியோர் 1995இல் எதிர்ப்பு மனு அளித்தனர். ஆனால் சினம் வழக்கில் சான்றாவதில்லை. எவர், எப்போது, எம்முறையில் செய்தார் என்பதை நிறுவ வேண்டியிருந்தது. அம்முறை முன்னரே இந்தியாவில் கையாளப்பட்டது என்பதற்குத் தொழில்துறையாளர் ஒருவர் நேரில் சாட்சியம் அளித்தார். 2000இல் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சு 8ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. பத்தாண்டுப் போராட்டம்! இத்தகைய வழக்குகள் தந்த பட்டறிவால் மரபறிவு மின்னூலகம் 2001இல் தொடங்கப்பட்டது. சித்த மருத்துவத்தின் தமிழ் நூல்களும், யுனானியின் அரபு, பாரசீக, உருது நூல்களும், ஆயுர்வேதத்தின் வடமொழி நூல்களும் ஐந்து அயல்மொழிகளில் அதில் பெயர்க்கப்பட்டன. 

ஏட்டில் ஏறியதால் உரிமை காக்கப்பட்டது. சோதனைக்கு உட்பட்டதால் உயிரும் காக்கப்படலாம். கைக்குழந்தைக்குச் சளி, மாந்தம் என்றால் சங்கில் வேப்பெண்ணெய் ஊற்றிப் புகட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. சிலவற்றில் இன்றும் உள்ளது. அன்பினால் செய்யப்படுவதே அது. ஆயினும், அவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டதையும், மூளையும் கல்லீரலும் தாக்குண்டதையும் மலேசிய மருத்துவர்கள் 1981இல் வெளியிட்டனர். உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. மேலே பூசினால் உதவும் எண்ணெய் பச்சிளங் குழந்தையின் வயிற்றில் நஞ்சாகிறது. கருவுற்ற பெண்டிரும் இதனை உட்கொள்ளலாகாது. வீட்டு மாடத்திலுள்ள வேப்பெண்ணெய்க் குப்பியைக் குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்குமாறு மூத்தோரை வேண்டுகிறோம். ஒரு சிறு கரண்டியளவு உள்ளே சென்றுவிட்டாலும், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். புகட்டியது வேப்பெண்ணெய் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுதலும் வேண்டும்.